நிரல் எழுதியபடியே இசை நிகழ்த்தும் கலைஞர்களை ஆய்வு செய்யும்போது எதைத் தரவாகக் கொள்வது?

கேள்வி | ஆய்வு மாணவி

வணக்கம். மேடையில் கணினி நிரலை எழுதியும் திருத்தியும் அதன் வழியாகவே இசையை நிகழ்த்தும் லைவ் கோடிங் கலைஞர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். நான் இசையியல் பின்னணியிலிருந்து வருகிறேன். பைத்தான் ஓரளவு தெரியும்; ஆனால் மேடையில் நிரல் எழுதிய அனுபவம் கிடையாது.

இதுவரை என்னிடம் சேர்ந்திருப்பவை, கலைஞர்கள் பொதுவெளியில் வெளியிட்ட திரைப்பதிவுகள், நிகழ்ச்சி முடிந்தபின் அவர்கள் சேமித்து எனக்கு அனுப்பிய நிரல் கோப்புகள், அவற்றோடு சில ஒலிப்பதிவுகள். இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் குழப்பம் வந்துவிட்டது. அரை மணி நேரம் நடந்த ஒரு நிகழ்ச்சியின் கோப்பில் எஞ்சியிருப்பவை சில வரிகள் மட்டுமே. அவற்றை இப்போது இயக்கிப் பார்த்தால் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் ஒலித்தது மட்டும் கேட்கிறது. அதுவும் சில இடங்களில் ஒலிப்பதிவில் உள்ளதைப்போல் இல்லை. அதற்கு முன் நடந்த அத்தனை மாற்றங்களும் கோப்பில் தடயமே இல்லாமல் அழிந்துவிட்டன.

எழுதப்பட்ட இசைக்குறிப்பை ஒருபுறமும் அதன் நிகழ்த்துதலை மறுபுறமும் வைத்து ஒப்பிடுவது எங்கள் துறையில் பழகிய வழி. இங்கே எழுதுவதே நிகழ்த்துவதாக இருப்பதால் அந்த வழி பயன்படவில்லை. நிரலை இசைக்குறிப்பாகக் கொள்வதா, வாத்தியமாகக் கொள்வதா, அல்லது கலைஞரின் கைச்செயலாகக் கொள்வதா என்பதை முடிவு செய்யாமல் தரவுத் திரட்டலைத் தொடங்கக் கூடாது என்று என் நெறியாளர் சொல்கிறார். தரவு எப்படிப்பட்டது என்று தெரியாமல் அந்த முடிவை எடுக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்தவர்களும் நிகழ்த்துபவர்களும் எதைப் பதிவு செய்ய வேண்டும், எந்த அலகைக் கொண்டு பகுத்தாய வேண்டும் என்று வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில் | மனித-கணினி ஊடாட்ட ஆய்வாளர்

இந்தக் குழப்பம் நல்ல இடத்தில்தான் வந்திருக்கிறது. கோப்பில் எஞ்சியதைப் படைப்பாகக் கருதுவதை முதலில் கைவிட்டுவிடுங்கள். உங்கள் ஆய்வுக்குரிய பொருள், காலவரிசைப்படி அமைந்த திருத்தங்களின் தொடர். எப்போது எந்த எழுத்து சேர்க்கப்பட்டது, எது அழிக்கப்பட்டது, எந்த வரி எந்த நொடியில் இயக்கப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நிகழ்த்துதல் என்று நாம் சொல்வது கைக்கு வரும்.

இதில் மிக முக்கியமானது இயக்கும் கணம். கலைஞர் ஒரு பத்தியில் சுட்டியை வைத்து கண்ட்ரோல், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தும்வரை திரையில் உள்ளது வெறும் எழுத்து. ஒலித்துக்கொண்டிருப்பது அதற்கு முன் இயக்கப்பட்ட வடிவம். ஆகவே நிகழ்ச்சியின் பெரும்பகுதியில் அரங்கத்தார் பார்க்கும் நிரலும் கேட்கும் இசையும் ஒன்றாக இருப்பதில்லை. திரையில் உள்ளது இனி வரக்கூடியது, காதில் விழுவது ஏற்கெனவே முடிவானது. இந்த இடைவெளியைக் கலைஞர் எப்படிக் கையாளுகிறார் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். லைவ் கோடிங்குக்கான டைடல்சைக்கிள்ஸ் நிரல்மொழியில் ஒரு மாதிரி ஒலியின் (முன்பே பதிவு செய்த சிறு ஒலித்துண்டின்) பெயரை அடுத்து (3,8) என்று எழுதினால், ஒரு சுழற்சி, அதாவது திரும்பத் திரும்ப வரும் கால அளவு, எட்டாகப் பகுக்கப்பட்டு, அதில் மூன்று அடிகள் கூடியவரை சம இடைவெளியில், 3, 3, 2 என்ற பிரிவில் விழும். ஒரு கலைஞர் அந்த 3 என்ற எண்ணை அழித்து 5 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இயக்கினால் 2, 1, 2, 1, 2 என்ற அடர்த்தியான அமைப்பு கிடைத்திருக்கும். அவர் இயக்கவில்லை. சற்று நேரம் கையை விசைப்பலகையில் வைத்தபடி கேட்கிறார். பிறகு 5-ஐ மறுபடி 3 ஆக்கிவிட்டு, மூன்று வரிகளுக்குக் கீழே உள்ள தாழ்சுருதி வரியில் ஒலியின் அளவைக் குறைத்து அதை இயக்குகிறார். ஒலிப்பதிவில் தாழ்சுருதி மெலிந்தது மட்டும்தான் தெரியும். இறுதிக் கோப்பில் அதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் தாளத்தை அடர்த்தியாக்கலாம் என்று எண்ணி, அந்த எண்ணத்தை எழுதிப் பார்த்து, கேட்டுக்கொண்டிருந்த இசையோடு மனத்துக்குள் பொருத்திப் பார்த்து, அதற்கு இடம் போதாது என்று கண்டு வேறொன்றை ஒதுக்கிய இசை முடிவு முழுவதும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. ஒரு நிகழ்த்துகலைஞரின் சிந்தனை இவ்வளவு வெளிப்படையாகத் தடயம் விட்டுச்செல்லும் இசை வடிவங்கள் அரிது. அந்தத் தடயத்தைத் தவறவிட்டால் ஆய்வுக்குப் பெரிய இழப்பு.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். விசை அழுத்தப்படும் கணத்துக்கும் மாற்றம் காதில் விழும் கணத்துக்கும் உள்ள தொலைவு மொழிக்கு மொழி வேறுபடும். டைடல்சைக்கிள்ஸில் தாள அமைப்பு என்பது காலத்தின் சார்பாக வரையறுக்கப்படுகிறது. ஆகையால் புதிய அமைப்பு நொடியின் சிறு பகுதிக்குள் பழையதன் இடத்தைப் பிடித்து, சுழற்சியின் நடுவில் எந்த இடத்தில் இருக்கிறோமோ அங்கிருந்தே தொடரும். சோனிக் பை என்ற மொழியில் லைவ் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) ஒன்றைத் திருத்தி இயக்கினால் அந்த லூப் தன் நடப்புச் சுற்றை முடித்த பிறகே புதிய வடிவத்துக்கு மாறும். அந்த மொழியின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 60 அடிகள். எட்டு அடி நீளமுள்ள லூப் என்றால் காத்திருப்பு ஏறத்தாழ 8 நொடிகள்வரை போகலாம். எக்ஸ்டெம்போர் என்ற மொழியில் ஒரு சார்பு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) தன்னையே எதிர்காலத்தில் ஒரு கணத்துக்கு அழைத்து வைக்கிறது. திருத்தம் அந்த அடுத்த அழைப்பில்தான் நடைமுறைக்கு வரும். எனவே சோனிக் பை கலைஞர் ஒருவர் வரியை இயக்கிவிட்டு உடனே இன்னொரு வரிக்குத் தாவினால் அவர் பொறுமையற்றவர் என்று பொருள் கொள்ளக் கூடாது. காத்திருக்கும் நேரத்தை அவர் பயன்படுத்திக்கொள்கிறார். மொழி தெரியாத ஆய்வாளர் இந்த இடத்தில் தவறான முடிவுக்கு வருவது எளிது.

பதிவு செய்யும் முறையைப் பொறுத்தவரை, திரைப்பதிவு மட்டும் போதாது. நொடிக்கு 30 சட்டகங்கள் உள்ள காணொளியில் ஒரு சட்டகம் 33 மில்லிநொடி. தாளத்தோடு இயக்கும் கணத்தை ஒப்பிட அது கரடுமுரடான அளவு. எழுதும் மென்பொருளிலிருந்தே ஒவ்வொரு விசையழுத்தத்தையும் இயக்கத்தையும் நேரக்குறிப்போடு பதிவு செய்வது நல்லது. முனையத்தில் (எழுத்தால் கட்டளையிடும் சாளரத்தில்) விம் அல்லது ஈமாக்ஸ் என்ற எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துபவர் என்றால் அஸ்கினிமா என்ற கருவி முழு அமர்வையும் நேரத்தோடு கூடிய எழுத்தாகச் சேமித்துவிடும். ஒலியைத் தனியாக ஒலித்தொகுப்பு நிரலிலிருந்து நேரடியாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் திரையிலும் ஒலியிலும் ஒரே கணத்தில் பதிவாகும்படி ஓர் அடையாளத் தட்டு இருந்தால் பின்னர் எல்லாவற்றையும் ஒரே காலக்கோட்டில் பொருத்தலாம். குறிப்பெழுத எலான், ஒலியைப் பகுத்தாய சோனிக் விஷுவலைசர் என இரண்டு இலவச மென்பொருள்கள் பெரும்பாலும் போதும்.

உங்கள் கோப்பு இன்று வேறு மாதிரி ஒலிப்பதற்கான காரணமும் இதையொட்டியதாக இருக்கலாம். டைடல்சைக்கிள்ஸ் மாதிரி ஒலிகளைக் கோப்புறையின் பெயரையும் வரிசை எண்ணையும் கொண்டு அழைக்கிறது. கோப்புறையில் ஒரு புதிய ஒலிக்கோப்பு அகரவரிசையில் நடுவே சேர்ந்துவிட்டால், அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் வேறு ஒலிகளைச் சுட்டத் தொடங்கும். ஆகவே கலைஞரிடம் நிரலை மட்டும் கேட்காதீர்கள். ஒலிக்கோப்புகளின் பட்டியலையும் மென்பொருள் பதிப்பு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த மொழிகளில் தற்செயல் எண்கள்கூடப் பெரும்பாலும் கணக்கிட்டுப் பெறப்படுபவை என்பதால், இயக்கங்களின் பதிவு முழுமையாக இருந்தால் நிகழ்ச்சியைப் பெருமளவு அப்படியே மீண்டும் ஒலிக்கச் செய்ய முடியும். வேறெந்த நிகழ்த்துகலை ஆய்வாளருக்கும் இந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.


பதில் | மேடைக் கலைஞர்

மேலே சொல்லப்பட்ட முறைகளை நான் மறுக்கவில்லை. மேடையில் இருப்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நிகழ்ச்சி எங்கிருந்து தொடங்குகிறது என்பது. எல்லாரும் வெற்றுத் திரையிலிருந்து தொடங்குவதில்லை. மெக்சிகோ நகரில் வேரூன்றிய ஒரு வழக்கத்தில் ஒவ்வொருவரும் வெற்றுத் திரையோடு தொடங்கி 9 நிமிடங்களில் முடிக்க வேண்டும். அங்கே முதல் ஒலி எத்தனை விசையழுத்தங்களில் வருகிறது என்பதே இசைச் சிக்கலாகிவிடுகிறது. இதற்கு மறுமுனையில், வாரக்கணக்கில் எழுதிப் பழகிய வரிகளைத் திறந்து வைத்து, எதை எப்போது இயக்குவது, எந்த எண்ணை மாற்றுவது என்பதில் மட்டும் கவனம் செலுத்தும் கலைஞர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். என் விரல்களுக்குப் பழகிய சில சொற்றொடர்கள் உண்டு. திரை வெறுமையாக இருந்தாலும் நான் வெறுமையிலிருந்து தொடங்குவதாகச் சொல்ல முடியாது. ஒத்திகைகளையும் உங்கள் தரவில் சேர்க்காவிட்டால், மேடையில் கண்டுபிடித்தது எது, வீட்டிலிருந்து கொண்டுவந்தது எது என்று பிரித்தறிய உங்களுக்கு வழியே இருக்காது.

இரண்டாவது, பிழைகள். டைடல்சைக்கிள்ஸில் அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்து இயக்கினால், பிழைச் செய்தி திரையில் வரும்; ஆனால் பழைய அமைப்பு அறுபடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். கேட்பவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. எனக்கோ அந்த நேரத்தில் ஒரு மாற்றம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, பழைய அமைப்பு நான் திட்டமிட்டதைவிட நீளமாக ஓடுகிறது. அந்த நீட்சியை இசையாக நியாயப்படுத்த அடுத்த திருத்தத்தை நான் வேறு விதமாக அமைப்பேன். ஆகவே உங்கள் பதிவில் தோல்வியடைந்த இயக்கங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றை இரைச்சல் என்று வடிகட்டிவிட்டால், அதன் பின் வரும் முடிவுகளுக்குக் காரணம் புரியாமல் போய்விடும்.

மூன்றாவதாக நான் வலியுறுத்த விரும்புவது நேர்காணலைப் பற்றியது. நிகழ்த்தும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி ஆய்வாளர்கள் சிலர் கேட்பதுண்டு. நிரல் எழுதுவது ஏற்கெனவே சொற்களாலான வேலை. அதற்கு மேல் இன்னொரு சொல் ஓட்டத்தைச் சுமத்தினால் இசையைக் கேட்பதுதான் முதலில் குறையும். அதற்குப் பதிலாக, நிகழ்ச்சி முடிந்து நினைவு மங்குவதற்குள், பதிவை ஓடவிட்டு, கலைஞரே விரும்பிய இடங்களில் நிறுத்திப் பேசும்படி விடுங்கள். எங்கே நிறுத்துகிறார் என்பதும் தரவுதான். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் நாங்கள் அழகான காரணம் ஒன்றைக் கட்டிச் சொல்லிவிடுவோம். "இந்த இடத்தில் என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில்கள் மிகவும் மாறுபடும்.


தொடர் கேள்வி | ஆய்வு மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இயக்கும் கணத்தை அலகாகக் கொள்வது எனக்குத் தெளிவான தொடக்கப்புள்ளியாகத் தெரிகிறது. இயக்கப்படாமல் திரும்பிய திருத்தத்தைப் பற்றிய எடுத்துக்காட்டைப் படித்ததும் என்னிடமுள்ள திரைப்பதிவுகளை மறுபடி பார்த்தேன். அத்தகைய இடங்கள் நான் எண்ணியதைவிட அதிகமாக இருக்கின்றன.

என் நெறியாளரின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. வாத்தியம், இசைக்குறிப்பு, கைச்செயல் ஆகிய இவற்றில் எந்தக் கருத்தாக்கத்தின் மேல் நின்று இந்த அலகை விளக்குவது? இன்னொரு கேள்வியும் உண்டு. நானும் இதைக் கற்றுக்கொண்டு நிகழ்த்த வேண்டுமா, அல்லது நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதுமா?


பதில் | கணினி இசை வரலாறு கற்பிப்பவர்

உங்கள் நெறியாளரின் கேள்விக்கு இத்துறையின் வரலாற்றுக்குள் பயனுள்ள பதில்கள் உள்ளன; அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முதல் பதிலோடு எனக்குள்ள ஒரு கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன்.

1970-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் லீக் ஆஃப் ஆட்டோமேட்டிக் மியூசிக் கம்போசர்ஸ் குழுவினர் கிம்-1 வகைச் சிறு கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து நிகழ்த்தினார்கள். 1985-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் நிறுவனத்தில் ரான் குய்விலா ஃபோர்த் மொழியில் மேடையிலேயே நிரல் எழுதி நிகழ்த்தினார். ஆனால் இது ஒரு கலை இயக்கமாகத் திரண்டது 2000-க்குப் பிறகுதான். ஸ்லப் குழுவில் ஏட்ரியன் வார்டும் அலெக்ஸ் மெக்லீனும் தாங்களே எழுதிய மென்பொருளைக் கொண்டு நிகழ்த்தினார்கள். 2003-ல் பிரின்ஸ்டனில் கே வாங், பெரி குக் ஆகியோரிடமிருந்து சக் மொழி வந்தது. ஜூலியன் ரோருபர் சூப்பர்கொலைடர் மொழியில் ஓடும் ஒலியை நிறுத்தாமல் திருத்துவதற்கான நிரல் நூலகத்தை அமைத்தார். 2004 பிப்ரவரியில் ஹாம்பர்க்கில் லைவ் கோடிங் கலைஞர்களின் டாப்லாப் அமைப்பு உருவானது. கலைஞர் தம் திரையை அரங்கத்தாருக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வரைந்த அறிக்கையின் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று. முதல் அல்கோரேவ் (நிரலால் எழும் இசைக்கு ஆடும் நடன நிகழ்ச்சி) 2012-ல் லண்டனில் நடந்தது. இத்துறைக்கான முதல் பன்னாட்டு மாநாடு 2015-ல் லீட்ஸில் கூடியது.

இந்த வரலாற்றில் உங்களுக்கு வேண்டியது கருத்தாக்கம். 2005-ல் ஆலன் பிளாக்வெல்லும் நிக் காலின்ஸும் நிரல்மொழியை வாத்தியமாகக் கருதி ஓர் ஆய்வுரை எழுதினார்கள். குறியீட்டு முறைகளை ஆராய்வதற்காகத் தாமஸ் கிரீன் உருவாக்கிய அளவுகோல்களை எடுத்துக்கொண்டு, சக் மொழியையும் ஏபிள்டன் லைவ் மென்பொருளையும் ஒப்பிட்டார்கள். ஒரு சிறு மாற்றத்துக்கு எத்தனை இடங்களில் கைவைக்க வேண்டியிருக்கிறது, ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள சார்பு கண்ணுக்குத் தெரிகிறதா, அரைகுறையாக எழுதியதை இயக்கிப் பார்க்க முடிகிறதா என்பவை அந்த அளவுகோல்களில் சில. பிறகு 2011-ல் தோர் மேக்னுசன் அல்காரிதங்களை இசைக்குறிப்பின் மரபில் வைத்து விளக்கினார். 2010-ல் மெக்லீனும் ஜெரைன்ட் விக்கின்ஸும், கலைஞரின் எண்ணம் நிரலாகி, நிரல் ஒலியாகி, ஒலியைக் கேட்ட அனுபவம் எண்ணத்தையே மாற்றும் சுழற்சியாக இதை விவரித்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு தரவைக் கோருகிறது. வாத்தியம் என்றால் மொழியின் அமைப்பும் அது தரும் தடைகளும் தரவாகும். இசைக்குறிப்பு என்றால் ஒவ்வொரு கணத்திலும் திரையில் நின்ற எழுத்து தரவாகும். சுழற்சி என்றால் திருத்தங்களுக்கு இடையே உள்ள நேரமும் கலைஞரின் வாய்மொழியும் தரவாகும். உங்கள் ஆய்வு கலைஞர்கள் எப்படி நிகழ்த்துகிறார்கள் என்பதைப் பற்றியதாக இருப்பதால், மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. முதலாவதைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். மொழியின் தடைகள் தெரியாமல் ஒரு முடிவின் விலை தெரியாது.

மொழிகளும் வெற்றிடத்திலிருந்து வருவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். டைடல்சைக்கிள்ஸில் தாளத்தை எழுதும் சுருக்கக் குறியீட்டுக்கு முன்னோடிகளில் ஒன்று பெர்னார்ட் பெல் உருவாக்கிய போல் புராசஸர் என்ற மென்பொருள். தபலா வாசிப்பில் சொற்கட்டுகள் எப்படி விரிவடைகின்றன என்பதை ஆராய, இசை மானிடவியலாளர் ஜிம் கிப்பனோடு இணைந்து 1980-களில் அவர் தொடங்கிய பணி அது. வாத்தியக் கலைஞர்களின் வாய்மொழியை முறைப்படுத்துவதற்காக எழுந்த ஒரு குறியீடு, பிற்பாடு வேறொரு நிகழ்த்துகலையின் எழுதுமுறைக்கு ஊட்டமளித்திருக்கிறது. ஒரு மொழி எந்த வகைத் தாளச் சிந்தனையை எளிதாக்குகிறது என்று ஆராயும்போது இப்படிப்பட்ட வழித்தடங்கள் மிகவும் உதவும். உங்கள் இசையியல் பயிற்சிக்கும் இங்கே நல்ல வேலை இருக்கிறது.

இனி கருத்து வேறுபாடு. இயக்கும் கணத்தை மட்டும் அலகாகக் கொண்டால், அதிகமாகத் தட்டச்சு செய்பவர் அதிகமாக நிகழ்த்துபவர் என்ற தோற்றம் வந்துவிடும். எதையும் தொடாமல் நீண்ட நேரம் கேட்பதும் இக்கலையில் ஒரு செயல். நான்கு சுழற்சிக்கு ஒருமுறை அமைப்பைத் திருப்பிப்போடு என்று ஒரே ஒரு கட்டளையை எழுதிய கலைஞர், அடுத்த சில நிமிடங்களுக்கான மாறுதல்களை நிரலிடம் ஒப்படைத்துவிட்டார். பதிவில் அந்த நிமிடங்கள் வெறுமையாக இருக்கும். இசையில் வெறுமை இருக்காது. கையால் ஒவ்வொரு எண்ணையும் மாற்றிக்கொண்டிருப்பவர், தனக்குப் பதிலாக மாற்றங்களைச் செய்யும் விதியை எழுதிவிட்டுக் கேட்பவர் என்ற இந்த இரு போக்குகளுக்கும் இடையிலான நகர்வுதான் பல நிகழ்ச்சிகளின் உள்கட்டுமானம் என்று நான் கருதுகிறேன். ஆகவே ஒவ்வொரு இயக்கத்தையும் குறிக்கும்போது, அது ஒரு மதிப்பை மாற்றுகிறதா, காலப்போக்கில் தானே மாற்றங்களை விளைவிக்கும் விதியை மாற்றுகிறதா என்றும் குறியுங்கள். இயக்கங்களுக்கு இடைப்பட்ட நேரத்தையும் தனி அலகாகவே கருதுங்கள்.

குழுவாக நிகழ்த்துபவர்களை ஆராய்ந்தால் இது இன்னும் சிக்கலாகும். ஒரே எழுத்துப்பகுதியைப் பலர் இணையத்தின் வழியாகப் பகிர்ந்துகொள்ள டுரூப், எஸ்டுவரி போன்ற சூழல்கள் உள்ளன. அங்கே ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் இயக்கலாம். எழுதியவர் யார், இயக்கியவர் யார் என்பதைப் பதிவு தனித்தனியே காட்டாவிட்டால் ஆய்வே தடம் புரண்டுவிடும். முதல் கட்டத்தில் தனிநபர் நிகழ்ச்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்களும் நிகழ்த்த வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், ஆம். மேடையேற வேண்டியதில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தாளத்துக்கு எதிரே, நேரம் கடந்துகொண்டிருக்கும்போது ஒரு வரியை எழுதி முடிப்பது எப்படிப்பட்ட அழுத்தம் என்பதை விரல்கள் அறிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரூடெல் என்ற லைவ் கோடிங் சூழல் இணைய உலாவியிலேயே இயங்குவதால் நிறுவும் தொல்லை இல்லை. டைடல்சைக்கிள்ஸின் சுருக்கத் தாளக் குறியீடே அதிலும் பெருமளவு செல்லும். பைத்தான் தெரிந்த உங்களுக்கு, பைத்தானிலேயே எழுதும் ஃபாக்ஸ்டாட் இன்னும் அருகில் இருக்கும்.


பதில் | மனித-கணினி ஊடாட்ட ஆய்வாளர்

இடைப்பட்ட நேரத்தைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நடைமுறையில் அதற்கு எளிய வழி, எலானில் மூன்று அடுக்குகளை வைத்துக்கொள்வது: எழுதுதல், இயக்குதல், இரண்டும் இல்லாத நேரம். மூன்றாவது அடுக்கில் கலைஞர் எங்கே பார்க்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள, திரைப்பதிவோடு அவரது கையையும் முகத்தையும் காட்டும் ஒரு காமிராவும் வேண்டியிருக்கும். சுட்டி ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர்ந்து அங்கே எதுவும் செய்யாமல் நிற்பதையும் குறியுங்கள். எதை மாற்றலாம் என்று தேடுவதன் தடயமாக அது பெரும்பாலும் அமைகிறது.

ஒன்றே ஒன்றில் எச்சரிக்கை தேவை. விசைப் பதிவைக் கணினி முழுவதற்கும் இயக்கி வைக்காதீர்கள். கடவுச்சொற்களும் தனிப்பட்ட செய்திகளும் அதில் சேர்ந்துவிடும். நிரல் எழுதும் மென்பொருளுக்குள் மட்டும் பதிவாகும்படி அமைத்து, அதைக் கலைஞருக்குச் செயலில் காட்டி, அதன் பிறகே எழுத்துவழி ஒப்புதல் பெறுங்கள்.


பதில் | மேடைக் கலைஞர்

ஒப்புதலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திரையை அரங்கத்தாருக்குக் காட்டுவது உண்மைதான். ஆனால் அரங்கத்தில் ஒரு தயக்கம் கடந்து போய்விடும். உங்கள் பதிவில் அதுவே மில்லிநொடிக் கணக்கில் நிலைத்துவிடும். பொதுவெளியில் திரையைக் காட்டினார் என்பதை விசைப் பதிவுக்கான இசைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகுத்தாய்ந்த பகுதிகளை வெளியிடுவதற்கு முன் கலைஞரிடம் காட்டுங்கள். அப்படிக் காட்டும்போது உங்கள் விளக்கத்தை அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் ஆய்வேட்டில் சேருங்கள்.

இன்னொரு கோரிக்கை. ஒரே கலைஞரின் ஒரே ஒரு நிகழ்ச்சியை மிக நுணுக்கமாக ஆராய்வதைவிட, அவரது ஒத்திகை ஒன்றையும், அதையொட்டிய நிகழ்ச்சியையும், சில மாதங்கள் கழித்து அதே தொடக்க வரிகளோடு அவர் நிகழ்த்துவதையும் சேர்த்து எடுங்கள். நான் ஒரு தொடக்க வரியைப் பல மேடைகளில் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு முறையும் அது எந்தத் திருத்தத்தில் மற்றவற்றிலிருந்து விலகத் தொடங்குகிறது என்பதை வெளியிலிருந்து ஒருவர் எடுத்துக்காட்டினால் நானே படித்துத் தெரிந்துகொள்வேன். விரும்பினால் என் பதிவுகளிலிருந்தே தொடங்குங்கள். ஒத்திகைக் கோப்புகளை ஒலிப்பட்டியலோடும் பதிப்பு எண்களோடும் சேர்த்துத் தருகிறேன்.